குமரிக் கரையில் கேட்டமரான் இறக்கப் போகிறீர்களா? முதலில் கரை ஏறும் இடத்தைப் பாருங்கள்

"சின்னதா ஒரு பாய்ப்படகு வாங்கிட்டேன், நம்ம மாவட்டத்துல எங்க இறக்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். சென்னையில் பழகிவிட்டு ஊர் திரும்பியவர்கள், மஸ்கட்டிலோ துபாயிலோ வேலை பார்த்தபோது லீவு நாளில் ஓட்டிப் பார்த்து ஆசை பிடித்தவர்கள், கடலோர ஊரில் பிறந்தும் அப்பாவோடு தொழிலுக்குப் போகாமல் படித்து வேறு வேலைக்குப் போன பையன்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம்முடைய கட்டுமரம் என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரான் ஆனது. 1697-ல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் கடற்பயணக் குறிப்புகளிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் நம்ம மரம் தடிகளைச் சேர்த்துக் கட்டியது, அலை மேலே ஏறினால் இடுக்கு வழியே வழிந்து போய்விடும், தண்ணீர் தேங்க இடமே கிடையாது. இன்று கேட்டமரான் என்று விற்பது வேறு: இரண்டு ஒல்லியான ஃபைபர் உடல், நடுவில் அலுமினியச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன் மேல் பாய்மரம். நான் ஓட்டுவது ஹோபி 16. நீளம் 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை ஏறக்குறைய 145 கிலோ, பாய்மரம் 8 மீட்டர் உயரம். இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இடம் தேடும்போது ஒவ்வொன்றும் தேவைப்படும். இனி கேட்டமரான் என்றால் இதைத்தான் சொல்கிறேன், மரம் என்றால் நம்மூர் மரம்.

எந்த இடத்தில் இறக்கலாம் என்று தேடாதீர்கள், எந்த இடத்தில் திரும்பக் கரை ஏறலாம் என்று தேடுங்கள்

இதை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு பாட்டா. ஒரு பங்குனி மாதக் காலை, கடல் எண்ணெய் விட்டது போலக் கிடந்தது, நானும் நண்பனும் படகைக் கரைக்கு இழுத்துப் பாய் கட்டிக்கொண்டிருந்தோம். வள்ளத்து நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர் எங்களையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மக்கா, போறது கெடக்கட்டும், எந்த வழியா ஏறுவ?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் அவரோடு சேர்ந்து அலையைப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை அதற்குமுன் வீடியோ பார்த்து ஒரு வருடத்தில்கூட நான் தெரிந்துகொண்டதில்லை.

அலைகள் ஒரே மாதிரி வருவதில்லை. சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும், பிறகு நாலைந்து பெரியது சேர்ந்து வரும், அதன்பின் ஒரு ஒழிவு. அந்த ஒழிவு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட இல்லை என்றால் புதியவர் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். அடுத்து, நுரை வரிசை எங்கே அறுந்து நிற்கிறது என்று பாருங்கள். அலை உடையாமல் தண்ணீர் கொஞ்சம் கறுத்து, கலங்கி, வெளியே போகிற மாதிரி ஒரு இடம் தெரியும். குளிக்கிறவர்களை இழுத்துக்கொண்டு போவது அந்த வழிதான், ஆனால் படகு வெளியே போக அதுவே வசதி. ஏறுவதற்கு அந்த இடம் ஆகாது, ஏறுவதற்கு மணல் சரிவு மெதுவாக இருக்கிற, அலை தூரத்திலேயே உடைந்து நுரையாக உருண்டு வருகிற இடம் வேண்டும். கரையை ஒட்டி மடார் என்று ஒரே அடியாக விழுகிற அலை இருக்கிற இடத்தில் எவ்வளவு அழகான மணல் இருந்தாலும் இறக்க வேண்டாம்.

பாட்டா கடைசியாக எழுந்துபோய், அலை ஏறி வந்து நின்ற ஈரக் கோட்டைக் குதிகாலால் அழுத்திக் கீறினார். "ஒரு மணிக்கூர் கழிச்சுப் பாரு, இதத் தாண்டிச்சுன்னா கடல் ஏறுது." நம்ம பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் கோட்டைத் தாண்டி வந்தால் பெரும்பாலும் அலைதான் பெருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கும் பாய் கட்டும் முன்னால் நான் அந்தக் கோட்டைக் கீறிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

மாதக் கணக்கு

மேற்குக் கரையில், அதாவது கன்னியாகுமரி முனை தாண்டி நீரோடி வரை, புதியவர்களுக்கு நல்ல காலம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. காலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும், மதியத்துக்கு மேல் கடல்காற்று மேற்கிலிருந்து எழும். நம்ம கரை தெற்கும் மேற்குமாகப் பார்த்துக் கிடப்பதால் அந்த மதியக் காற்று கரையைச் சாய்வாகத் தடவிக்கொண்டு போகும். கேட்டமரானுக்கு இதைவிட நல்ல காற்று கிடையாது, போகவும் வரவும் ஒரே பாய் வைப்பு போதும்.

காலைக் காற்றைத்தான் நம்பக்கூடாது. கரைக்காற்றில் கடல் குளம் மாதிரி தெரியும், ஏனென்றால் அலையை எழுப்ப அதற்குத் தூரம் போதாது. ஒரு கிலோமீட்டர் வெளியே போன பிறகுதான் அதன் பலம் தெரியும். நம்ம மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வேறு இருக்கிறது, முப்பந்தலில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. காற்று வெளியே தள்ளும்போது ஒரு கயிறு அறுந்தாலும் திரும்பி வர வழி இல்லை. முதல் வருடம் கரைக்காற்றில் இறக்கவே வேண்டாம்.

ஏப்ரல், மே மாதம் கள்ளக்கடல். காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், தெற்கே வெகுதூரத்தில் எழுந்த அலை நீளமாக உருண்டு வந்து எதிர்பாராமல் கரை ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது இப்படித்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது, அதைப் பார்க்காமல் ஏப்ரலில் படகைத் தொடாதீர்கள். அலையின் உயரத்தை மட்டும் பார்க்காமல் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை வினாடி என்பதையும் பாருங்கள், 15-க்கு மேல் என்றால் எனக்கு அந்த நாள் வேண்டாம்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்குக் கரையில் பேச்சே இல்லை. படகைப் பழுது பார்க்கிற காலம் அது. ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிறவர்கள் கடலோர ஊர்களில் இருக்கிறார்கள், கீறலும் வெடிப்பும் அவர்களுக்குச் சின்ன வேலை. அக்டோபர், நவம்பர் புயல் மாதம். ஒக்கி 2017 நவம்பர் 30-ம் தேதி நம்ம பக்கத்தில் என்ன செய்தது என்று தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் யாரிடமும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்த நாளில் விளையாட்டுக்குப் போகிறவர் கரையில்தான் இருக்க வேண்டும்.

இடங்கள், எனக்குப் பட்டபடி

சொத்தவிளையும் சங்குத்துறையும் நாகர்கோவிலுக்குப் பக்கம், வண்டி கரை வரை வரும், மணல் நீளமாகக் கிடக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் வார நாளில் போய்ப் பழக எனக்குப் பிடித்தது சொத்தவிளைதான். ஆனால் திறந்த கடல், மறைப்பு ஒன்றும் கிடையாது, கடல் ஏறினால் ஒதுங்க இடமில்லை. ஞாயிறு மாலை குளிக்கிறவர்கள் கூட்டம், அந்த நேரத்தில் 145 கிலோ படகு அலையில் தள்ளிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டத்திலிருந்து நன்றாக விலகி நடந்துபோய் இறக்குங்கள்.

குளச்சல் வளைகுடா மாதிரி உள்வாங்கிய இடம், 1741-ல் டச்சுக்காரர்கள் கப்பலை நிறுத்தி இறங்கியதும் சும்மா இல்லை. ஆனால் அது தொழில் நடக்கிற துறை. விசைப்படகு, வள்ளம், வலை, பனிக்கட்டி வண்டி எல்லாம் அங்கே. தண்ணீருக்குள் பாறையும் உண்டு. தெரிந்த ஆள் ஒருவர் கூட இல்லாமல் போகாதீர்கள், ஆள் இருந்தால் இந்த மாவட்டத்திலேயே நல்ல இடம் என்று சொல்வேன்.

முட்டத்தையும் கடியபட்டினத்தையும் கலங்கரை விளக்கப் பக்கம் நின்று பார்த்து ரசியுங்கள், படகோடு வேண்டாம், பாறை நிறைய. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடும் அலையும் சேர்ந்து, தொழில் தெரிந்த மீனவர்களே பலர் உயிரை விட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். பொதுவாகவே பொழிமுகம் எதுவாக இருந்தாலும் ஆறு வெளியே வருகிற வேகமும் அலை உள்ளே வருகிற வேகமும் மோதுகிற இடம், புதியவருக்கு ஆகாது.

மணக்குடிக் காயல் அமைதியான தண்ணீர், பழக நல்ல இடம் என்று பலரும் நினைப்பார்கள். இரண்டு விஷயம் பாருங்கள். அங்கே பாலம் இருக்கிறது, உங்கள் பாய்மரம் 8 மீட்டர். அப்புறம், அது பாதுகாக்கப்பட்ட ஈரநிலப் பகுதி, அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் வந்து தங்கும். வனத்துறையிடம் கேட்டு, சரி என்றால் மட்டும்.

முனைக்குக் கிழக்கே சின்னமுட்டம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேற்கைவிட இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் மறைப்பு உண்டு, ஆனால் காற்று பலம், அது பழகியவர்களுக்கு. துறைமுகத்துக்குள் மீன்வளத் துறையின் அனுமதி இல்லாமல் போக முடியாது. ஒன்று கவனியுங்கள்: விசைப்படகுத் தடைக்காலம் கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம்ம ஒரே மாவட்டத்தில் இரண்டும் நடக்கிறது. தடைக்காலத்தில் துறைமுகம் முழுக்கப் படகு நெருக்கிக் கட்டியிருக்கும், திரும்பக்கூட இடம் இருக்காது. விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை பக்கம் பயணிகள் படகு ஓடுகிற வழி, நெருங்காதீர்கள். இன்னும் கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம், அதன் கடற்பரப்புக்கு வெகு தூரத்திலேயே திரும்பிவிடுங்கள்.

ஊரில் கேட்பது

துறை என்பது ஊருக்குச் சொந்தம் மாதிரி. சட்டத்தில் எப்படியோ, நடைமுறையில் அப்படித்தான், அது சரியும்கூட. முந்தின நாள் சாயங்காலம் வண்டி இல்லாமல், படகு இல்லாமல் சும்மா போங்கள். வலை பின்னுகிறவர்களிடம் பேசுங்கள். பெரியவர்களைப் பாட்டா என்றும் உங்களைவிட மூத்தவரை அண்ணே என்றும் கூப்பிட்டுப் பேசினால் போதும். காற்று எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல்மைல்) என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். வாடை நிற்குதா, கச்சான் (மேல்காற்று) எத்தனை மணிக்கு எழும்புது, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்குது என்று கேளுங்கள், உங்களுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே சொல்வார்கள். சர்ச் பங்குப் பேரவையிலோ ஊர்க் கமிட்டியிலோ ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொன்னால் சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கடலோரக் காவல் நிலையத்திலும் பெயர், படகு நிறம், போகிற நேரம், வருகிற நேரம் எழுதிக் கொடுங்கள், பாய்ப்படகு ஒன்று திடீரென்று தெரிந்தால் அவர்களுக்கும் சந்தேகம் வரும்தானே.

ஞாயிற்றுக்கிழமை கடலோர ஊர்களில் பெரும்பாலும் தொழிலுக்குப் போக மாட்டார்கள், அதனால் வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறி நிற்கும், உங்களுக்கு இடம் இருக்காது, பூசை நேரத்தில் பேசவும் ஆள் கிடைக்காது. காய வைத்த வலையைத் தாண்டி நடக்காதீர்கள், செருப்போடு யாருடைய வள்ளத்திலும் ஏறாதீர்கள். கரைமடி (கரையில் நின்று இரண்டு கயிற்றால் இழுக்கும் பெரிய வலை) இழுக்கிறார்கள் என்றால் அந்த இரண்டு கயிற்றுக்கும் இடையே உள்ள கடல் அன்றைக்கு அவர்களுடையது, அவர்கள் இழுத்து முடிக்கும்வரை காத்திருங்கள். தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவர்) இருக்கிற ஊரில் அதன் மறைவில் தண்ணீர் அமைதியாகத் தெரியும், ஆனால் கற்களை ஒட்டி இழுப்பு இருக்கும், நுனியில் தூண்டில் போடுகிறவர்களின் நரம்பும் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: அங்கே வாங்கிய சாட்டிலைட் போனைக் கொண்டு வராதீர்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், கடலோரத்தில் இன்னும் பெரிய சிக்கல்.

இறக்குகிற நாள்

பாய்மரத்தைத் தூக்கும் முன் தலையை அண்ணாந்து பாருங்கள். இதைத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். அலுமினியப் பாய்மரம் 8 மீட்டர், தூக்கி நிறுத்திய பிறகு படகை மணலில் தள்ளிக்கொண்டு போவீர்கள், கடலோர ஊர்களில் மின்கம்பி வீட்டுக்கு வீடு தாழ்வாகப் போகும், திருவிழாக் காலத்தில் சீரியல் விளக்குக் கம்பி வேறு. உலகம் முழுக்கக் கேட்டமரான்காரர்கள் இப்படி மின்கம்பியில் பட்டு இறந்திருக்கிறார்கள், அதற்காகவே ஹோபி நிறுவனத்தார் பாய்மரத்தின் மேல்நுனியை மின்சாரம் கடத்தாத பொருளில் செய்யத் தொடங்கினார்கள். உங்களுடையது பழைய படகு என்றால் அதுவும் இருக்காது. கம்பியே இல்லாத மணலில் வைத்து மட்டும் தூக்குங்கள்.

அடுத்தது அடைப்பான். இரண்டு உடலின் பின்பக்கத்திலும் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும், கட்டைவிரல் அளவு. முதல் வருடம் ஒரு நாள் இடது பக்கத்தை மூடினேன், வலது பக்கத்தில் கை வைத்ததாக நினைத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரத்தில் வலது உடல் மந்தமாகி, திருப்பினால் திரும்பாமல், காற்றே இல்லாத நாளில் பின்பக்கம் அமுங்கத் தொடங்கியது. அன்றைக்கு ஒரு வள்ளத்துக்காரர் இழுத்து விட்டார். இப்போது நான் மூடுகிறேன், கூட வருகிறவர் தொட்டுப் பார்த்து வாயால் சொல்கிறார்.

சுக்கான் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டே இறக்குங்கள். பாய்க் கயிறு முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும், படகின் முகம் அலைக்கு நேராக, இருவரும் படகின் பக்கவாட்டில், ஒருவர் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம். படகுக்கும் கரைக்கும் இடையே நிற்காதீர்கள், அலை தூக்கிப் போட்டால் கால் முறியும். இடுப்புத் தண்ணீரில் ஒழிவுக்குக் காத்திருந்து, வந்ததும் ஏறி, பாயை இழுத்து, அலை உடையும் இடத்தைத் தாண்டிய பிறகு சுக்கானை இறக்கிப் பூட்டுங்கள். திரும்பி வரும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள், அலைக்குள் நுழையும் முன்பே சுக்கான் பூட்டை விடுவித்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து, அலை முதுகில் வேகமாக வந்து மணலில் சுக்கான் குத்தி, அதைப் பிடித்திருந்த வார்ப்பு இரண்டாக உடைந்தது.

உயிர்காப்பு ஜாக்கெட் கரையிலேயே போட்டு வார் இறுக்கியாக வேண்டும். விசில், கத்தி, நீர் புகாத பையில் போன். கடலோரக் காவல் படையின் எண் 1554, தமிழகக் கடலோரக் காவல் 1093, இரண்டையும் பதிந்து வையுங்கள். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள், படகு மிதக்கும், ஆள் தலை யாருக்கும் தெரியாது. நிமிர்த்த இரண்டு பேர் எடை வேண்டும், அதனால் தனியாகப் போகாதீர்கள். நிமிர்த்துவதைக் குளச்சல் மாதிரி ஒதுக்கமான தண்ணீரில், வள்ளம் ஒன்று பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழ்த்து நாலைந்து முறை பழகுங்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, முதல் பத்து நாள் இப்படி ஓடினால் போதும்.

போட்டிகளுக்குப் போவது

முதல் போட்டிக்குப் படகு இல்லாமல் போங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி பக்கத்து ஊர்களில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி வைப்பார்கள். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, நம்ம கரை மாதிரி அலை அடிக்காது, முழுப் போட்டியையும் கரையில் நின்றே பார்க்கலாம். பாயை எப்படித் திருப்புகிறார்கள், காற்று கூடும்போது யார் எந்தப் பக்கம் உடம்பைச் சாய்த்து எடை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள், கேட்டமரானில் கம்பியில் தொங்கிச் செய்வதும் அதேதான். முடிந்த பிறகு படகு இழுக்கக் கை கொடுங்கள், பேச்சு தானாக வரும். தேதி நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வரும், இல்லையென்றால் அங்கே தெரிந்தவர்தான் வழி. நம்ம ஊர்த் திருவிழாவில் வள்ளப் போட்டி வைத்தாலும் இதே மாதிரி போய் நில்லுங்கள்.

விதிப்படி நடக்கும் போட்டி என்றால் சென்னை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து துறைமுகத்துக்குள் இருக்கிறது, தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கமும் அங்கேதான் போட்டிகள் நடத்துகிறது. ஒலிம்பிக் போன நேத்ரா குமணன் சென்னைப் பெண். துறைமுகம் என்பதால் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். போட்டி அறிவிப்பில் எந்த வகைப் படகு என்று எழுதியிருக்கும். உங்கள் வகை இல்லை என்றாலும் குறிமிதவை போடுகிற படகிலோ நேரம் குறிக்கிறவர்களோடோ உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள், நான் முதலில் அப்படித்தான் போனேன், தொடக்கக் கோட்டில் என்ன நடக்கிறது என்று அந்தப் படகிலிருந்துதான் புரிந்தது.

போகும் முன் இவ்வளவு தெரிந்தால் போதும்: ஐந்து நிமிடம் முன்பு முதல் கொடியும் ஒலியும், நான்கு நிமிடம் இருக்கும்போது இரண்டாவது கொடி, ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும், பூஜ்யத்தில் முதல் கொடி இறங்கினால் ஓட்டம். இடப் பக்கத்தில் காற்று வாங்கி ஓடுகிறவர் வலப் பக்கத்தில் காற்று வாங்குகிறவருக்கு வழி விட வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கக் காற்று என்றால் காற்றுக்கு மேல்பக்கம் இருப்பவர் விலக வேண்டும். வேடிக்கை பார்க்கச் சொந்தப் படகில் போனால் பாதைக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் நில்லுங்கள், மேல்பக்கம் நின்றால் ஓடுகிறவரின் காற்றை உங்கள் பாய் தின்றுவிடும்.

படகையே கொண்டு போவதென்றால் உடல்களைச் சட்டத்திலிருந்து கழற்றி பிக்அப் வண்டியில் அடுக்குவது எளிது, கட்டிய நிலையில் 2.4 மீட்டர் அகலம் நம்ம சாலைகளில் பாடுபடுத்தும். பாய்மரம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிவப்புத் துணி கட்டுங்கள், இரவுப் பயணம் வேண்டாம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதன் நட்டோடு சேர்த்துத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள், இரண்டு உடலின் அடைப்பான்களையும் அதோடு.